எழுத்துக்குப் படகு வராது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. அகராதிக்கு ஒரு வரி கேட்டார்கள். அந்த ஒரு வரியைக் கொடுக்கத் துப்பில்லாமல் இப்படி ஆகிவிட்டது.

சென்னையில் சேந்தன் என்று எனக்கு ஒரு சிநேகிதன். வியட்நாமியம்–தமிழ் அகராதி ஒன்றைப் போட்டே தீருவேன் என்று ஆறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை காலையில் செய்தி அனுப்பினான்: "ஹூ, வினைச்சொல். 'கத்துவது'ன்னு போட்டுடலாமா? சட்டுனு சொல்லு, அச்சுக்குப் போகணும்."

நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. "போடாதே" என்று அனுப்பினேன்.

"அப்ப கூவுவது?"

"அதுவும் இல்லை."

"டேய், இருபத்திரண்டு வருஷமா அங்க மீன்குஞ்சு வளர்த்துக்கிட்டுக் கெடக்குற. ஒரு வரி தெரியாதா?"

தெரியும். அதுதான் தொல்லை. இன்று வியாழன். ஒரு வரி பதினொரு பக்கமாகிவிட்டது. அதில் ஒரு படகு, ஒரு மச்சினன், ஒரு போன் கடை மாப்பிள்ளை எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கச் சொன்னால் இறங்க மாட்டேன் என்கிறார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "மேகோங் நதியின் கிளையொன்றில், ரம்புத்தான் பழங்கள் சிவக்கும் பருவத்தில், காற்றில் மிதந்து வந்த ஒரு குரல்—"

வேண்டாம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது. தவிர, என் கதாநாயகனுக்கு அந்தக் குரல்தான் கிடையாது.

தொடக்கம் இரண்டு: "நாலு அக்காவுக்குப் பின் பிறந்து, ஆறு வயதில் தண்ணீரில் விழுந்த கியெமை ஊரே சேர்ந்து—"

இதை எழுதும்போதே தோவா பின்னால் வந்து நின்றாள். தோவா என் மனைவி. நான் எழுதுவதை உடனுக்குடன் அவள் மொழியில் வாசித்துக் காட்டியாக வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். வாசித்தேன்.

"என் தம்பியப் பத்தியா எழுதுறீங்க?"

"தம்பி மாதிரி ஒருத்தனைப் பத்தி."

"தண்ணியில விழுந்தவன், நாலு அக்காவுக்கு அப்புறம் பொறந்தவன், பேரு கியெம். 'மாதிரி'யாம்ல மாதிரி! பேரையாவது மாத்துங்க."

மாற்றிப் பார்த்தேன். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் அந்த ஆள் சத்தமாகப் பேசத் தொடங்கிவிடுகிறான். கியெம் என்றால்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அதனால் பெயர் அப்படியே இருக்கட்டும்.

தொடக்கம் மூன்று: "கியெம் கத்த மாட்டான்."

சரி, இதுவே போதும். மூன்று வார்த்தையில் கதை முடிந்துவிட்டது. இனி மிச்சத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

3

(கதைக்குள் போகுமுன் அந்த வினைச்சொல்லைப் பார்த்துவிடுவோம். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். தாவினால் கடைசியில் முழிப்பீர்கள், அவ்வளவுதான்.)

கத்துவதற்கு இவர்களிடம் ஒரு கூடை வினைகள் உண்டு. அம்மா பிள்ளையைப் பார்த்துக் கத்துவதற்கு ஒன்று. நாம் "அம்மா சத்தம் போடுவாங்க" என்கிறோமே, அதே சத்தம். முதலாளி கத்துவதற்கு ஒன்று. வலியில் கத்துவதற்கு ஒன்று. பலகாரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் கத்திப் போவதற்கு ஒன்று. இந்த எல்லாவற்றிலும் கத்தியவருடைய வேலை கத்தியதோடு முடிந்துபோகிறது. ஹூ அப்படி முடியாது. ஹூவுக்கு அக்கரை வேண்டும்.

வாயைக் குவித்து, மோவாயைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து மேலே ஏற்றி விட வேண்டும். அதில் சொல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனாலும் யார் கொடுத்தது என்று எங்கள் கிளையாற்றில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஹூ. என் மாமனாருடையது நடுவில் ஒரு இடத்தில் உடைந்து மறுபடி எழும். தோவாவுடையது நேராகப் போய் ஆளின் முதுகில் குத்தும்.

நீளமாக ஒன்று கொடுத்தால் படகு வேண்டும் என்று அர்த்தம். குட்டையாக இரண்டு என்றால், சாராயம் தயார், வா. விட்டுவிட்டு வந்தால் பாம்போ தீயோ. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி: காதில் விழுந்தால் பதில் ஹூ கொடுத்தே ஆக வேண்டும். "கேட்டுவிட்டது, ஆள் இருக்கிறேன்" என்பதற்கு அது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டுகூடக் கொடுப்பார்கள்.

நான் வந்த புதிதில் இதெல்லாம் தெரியாது. முதல் மாதம், அக்கரைக்குப் போகப் படகுத்துறையில் நின்று, மற்றவர்களைப் பார்த்த பழக்கத்தில் நானும் கொடுத்தேன். மூச்சுப் பத்தாமல் அது குட்டையாக இரண்டாகப் போய்விட்டது. கால் மணி நேரத்தில் ஐந்து பேர் கருவாட்டோடு வந்து சேர்ந்தார்கள்.

"நீயாப்பா கூப்பிட்டது?"

"நான் படகைக் கூப்பிட்டேங்க."

"அப்படியா? படகு வரல, நாங்க வந்துட்டோம். கிண்ணத்தை எடு."

அந்த ஐந்து பேரில் ஒருவர்தான் பிற்பாடு என் மாமனார். என்னிடம் இருந்தது ஒரே குப்பி. அது தீர்ந்ததும் வீட்டைப் பார்த்து ஒரு ஹூ கொடுத்தார். இரண்டாவது குப்பியைத் தூக்கிக்கொண்டு முறைத்தபடி வந்தவள் தோவா. ஆக, நான் தப்பாகக் கொடுத்த ஒரு ஹூவில்தான் என் குடும்பமே கட்டியிருக்கிறது. சேந்தா, இதை நீ அகராதியில் எந்த இடத்தில் போடுவாய்?

4

இன்னொரு உபயோகமும் இருக்கிறது.

பயந்துபோனால் உயிர் உடம்பை விட்டுக் கிளம்பிவிடும். அதைப் பெயர் சொல்லி, ஹூ கொடுத்துத் திரும்ப அழைக்க வேண்டும். ஆணுக்கு மூன்று உயிர், ஏழு ஆவி. பெண்ணுக்கு மூன்று உயிர், ஒன்பது ஆவி. (ஏன் இரண்டு கூடுதல் என்று தோவாவைக் கேட்டேன். "வேலை ஜாஸ்தில்ல?" என்றாள்.) எங்கள் பக்கத்தில் ஆவிக்கு ஒரு ஹூ என்று எண்ணிக் கொடுப்பது வழக்கம்.

கியெம் ஆறு வயதில், மிதவைப் பலகை வழுக்கி, கடல் ஓதம் இறங்கி ஆறு இழுக்கிற நேரத்தில் ஆற்றில் விழுந்தான். ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் சிக்கியதால் பிழைத்தான். தூக்கிப் போட்டார்கள், கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. என் மாமியார் சட்டியைத் தட்டிக்கொண்டு கரையில் நின்று அழைத்தார். நாலு பெண்களைப் பெற்று, விழுந்ததற்கும் எழுந்ததற்கும் அவர்களையே அழைத்துப் பழகிய வாய். பதற்றத்தில் ஏழோடு நிறுத்தாமல் ஒன்பது வரை போய்விட்டார்.

கரையில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இங்கே யாரும் எதையும் மறக்க மாட்டார்கள்.

"கடைக்குட்டிக்கு ரெண்டு ஆவி உபரியா வந்து குந்திக்கிச்சு."

"அதான் பய வாயத் தொறக்க மாட்டேங்கிறான். உள்ள ரெண்டு பொண்ணுங்க வெக்கப்படுதுங்க!"

இருபத்து மூன்று வருஷமாக இதே கிண்டல். மாமியார் மட்டும் சிரிப்பதில்லை. தன்னால்தான் பிள்ளைக்குக் குரல் போயிற்று என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு.

கியெம் ஊமை இல்லை, அதைச் சொல்ல வேண்டும். டுரியன் கன்றுக்கு ஒட்டுப் போடுவதில் மாவட்டத்திலேயே கைராசிக்காரன். ஒரு முழ தூரத்தில் உட்கார வைத்தால் பேசிப் பேசியே வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பான். நாலு முழம் தள்ளிப் போனால் வாய் பூட்டிக்கொள்கிறது. ஹூ கொடுத்து ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவனை நம்புவீர்களா? கத்தத் தெரியாத ஒருவன் கதாநாயகன் என்றால் "நடக்கிற காரியமா" என்று புரட்டிவிடுவீர்களோ? எங்கள் ஊரில், அதாவது நாகப்பட்டினத்தில், இப்படி ஒருவன் இருந்தால் பேருந்தை நிறுத்த முடியாமலேயே வயசாகிப் போயிருப்பான். நம்புங்கள். எனக்காக வேண்டாம், லுவாவுக்காக.)

5

லுவாதான் படகுக்காரி. அக்கரையில் அவள் வீடு; வீட்டு வாசலிலேயே படகுத்துறை; துறையில், இங்கே பெரியவர்களும் படுக்கிற ஒரு தூளி; தூளியில் லுவா. இருபத்தேழு வயது. துறையில் தகரப் பலகை ஒன்றைத் தானே எழுதி மாட்டியிருக்கிறாள்: "ஹூ கொடுத்தால் படகு. கொடுக்காவிட்டால் நீச்சல்."

கியெம் என்ன செய்வான் என்றால், இக்கரையில் வந்து நின்றுகொள்வான். வேறு யாராவது வந்து ஹூ கொடுத்ததும் அவர்களோடு தொற்றிக்கொள்வான். ஒருநாள் காலை ஏழிலிருந்து மதியச் சாப்பாடு வரை வேறு யாருமே வரவில்லை. அவன் பாட்டுக்கு நின்றான். அவள் பாட்டுக்குத் தூளியில் ஆடினாள். பொறுக்க முடியாமல் நானே போய்க் கொடுத்தேன், வந்தாள்.

"அவன் நின்னது உனக்குத் தெரியலையா லுவா?" என்றேன்.

"ஏன் தெரியாம? அவருக்குப் பக்கத்துல ஒரு தென்னை மரம் நின்னுச்சு, அதுவுந்தான் தெரிஞ்சுது. அதையும் ஏத்திக்கிட்டு வரணுமாண்ணே?"

கியெம் படகில் ஏறி, அவளுக்கு அரை முழம் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஏதோ சொன்னான். அவள் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள். படகு நேராக என் மீன் வலையில் போய் முட்டியது.

மூன்று வருஷமாக இப்படித்தான்.

"போன் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் "ஹூ" என்று எழுதியே அனுப்புகிறார்கள். "இருக்கியா, நான் வந்துட்டேன்" என்று அதற்கு அர்த்தம். கியெம் தினமும் விடியலில் லுவாவுக்கு அப்படி ஒன்று அனுப்புவான். அவளும் தினமும் ஒரே பதில்தான் அனுப்புவாள்:

"எழுத்துக்குப் படகு வராது."

(அவள் அவனுக்குத்தான் சொன்னாள். ஆனால் நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொரு பக்கம் எழுதியவன் நான்தானே.)

இந்தப் புத்தாண்டு முடிந்த கையோடு, நடு ஆற்றில் படகை நிறுத்தி அவள் அவனிடம் சொன்னாள். நானும் படகில் இருந்தேன். என்னை ஒரு வாழைத்தாராக நினைத்துக்கொண்டார்கள்.

"இந்தாங்க, ஒழுங்காக் கேளுங்க. ஒரு தடவை உங்க கரையில நின்னு என்னைக் கூப்பிடுங்க. எதுக்குன்னு கேக்க மாட்டேன். வந்துடுவேன். வந்தா, திரும்பிப் போற மாதிரி வர மாட்டேன். புரிஞ்சுதா?"

"ம்."

"'ம்'க்கு எல்லாம் துடுப்பு நகராது. ஊர் கேக்கணும். ஊர் கேக்கக் கூப்பிடத் தைரியமில்லாதவரோட நான் ஊருக்கு நடுவுல எப்படிக் குடித்தனம் பண்றது?"

நியாயமான கேள்வி. கியெம் காது நுனி வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

6

இதுவரை வாசித்துக் காட்டியதும் தோவா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் சரி. முக்கியமானத எங்க எழுதியிருக்கீங்க?"

"எது முக்கியம்?"

"ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு லுவாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. சந்தைப் பக்கம் போன் கடை வச்சிருக்கார்ல, அவரு. ஓதம் ஏறுன உடனே அவங்க படகு வருது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. என் கதையில் நடக்கிற விஷயம் எனக்கே தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

"லுவா என்ன சொன்னாளாம்?"

"வரட்டும்னு சொல்லிட்டாளாம். பின்ன? மூணு வருஷமா ஒருத்தி தூளியில படுத்துக் காதத் தீட்டிக்கிட்டே இருக்கா. காதும் கழண்டு விழுந்துடும்ல? இந்தத் தடவை அவளே சரின்னு சொல்லிடுவாப் பாருங்க."

உடனே உட்கார்ந்து போன் கடைக்காரரை வில்லனாக்கிப் பார்த்தேன். "தங்கப் பல் மின்ன அவர் இளித்தபோது—" அவருக்குத் தங்கப் பல் கிடையாது. "கள்ளக் கணக்குக்காரரான அவர்—" ஐயோ, பாவம். போன மாதம் என் போன் திரை உடைந்தபோது சும்மா மாற்றிக் கொடுத்துவிட்டு, "ஊர்ல அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷன். வில்லன் இருந்தால் கதாநாயகன் பாட்டுக்குச் சண்டை போடுவான். நல்லவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பேசாம நானே ஒரு நீள ஹூ கொடுத்துடறேன்" என்றேன். "அவள் வந்துடுவாள்."

"உங்க ஹூ அவளுக்குத் தெரியாதா? கருவாட்டோட அஞ்சு பேர்தான் வருவாங்க."

7

வெள்ளிக்கிழமை கியெமைத் தேடிப் போனேன். கன்றுத் தோட்டத்தில் ஆளைக் காணோம். வீட்டுப் பின்பக்கம், மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய சால் வரிசையில், ஒரு காலிச் சாலுக்கு இரண்டு கால் முளைத்திருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நல்ல சத்தம்! நீளமாக, முடிவில் கொஞ்சம் வளைந்து, இதுவரை ஆற்றில் யாரிடமும் கேட்டிராத ஒரு ஹூ.

"டேய் கியெம்!"

தலையை வெளியே இழுத்தான். முடியெல்லாம் பாசி.

"கேட்டுதாண்ணே?"

"கேட்டுது! வருதுடா உனக்கு! அப்புறம் என்ன?"

"சாலுக்குள்ள வருது." முகம் வாடிவிட்டது. "வெளிய வந்தா, எல்லாரும் எண்ணுவாங்களேன்னு நெனப்பு வருதுண்ணே. 'ஒண்ணு, ரெண்டு'ன்னு. அன்னிக்குக் கரையில படுத்துக்கெடந்தப்ப எனக்கு அதுதான் கேட்டுச்சு. அம்மா கூப்பிட்டது கேக்கல. அவங்க எண்ணுனதுதான் கேட்டுச்சு."

இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இன்னும் அழகாகச் சொல்ல வைத்திருப்பேன். சால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, பாசியைத் துடைத்துக்கொண்டு, இப்படித்தான் சொன்னான்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றேன்.

"சாலைத் தூக்கிட்டுப் போயி கரையில வச்சுக்கலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், ஐந்து நிமிஷம் அது எவ்வளவு கனம் இருக்கும் என்று இரண்டு பேரும் தூக்கிப் பார்த்தோம்.

8

சனிக்கிழமை முடிவுகளை எழுதினேன்.

முடிவு ஒன்று. மாப்பிள்ளைப் படகு நடு ஆற்றில் வரும்போது மோட்டாரில் ஆகாயத்தாமரை சிக்கி நின்றுவிடுகிறது. உதவிக்குக் கூப்பிட ஆளில்லை. கரையில் கியெம் மட்டும். மாப்பிள்ளைக்காகவே அவன் முதல் ஹூவைக் கொடுக்கிறான். லுவா படகோடு வந்து—

தோவா: "வந்து? மாப்பிள்ளையக் கட்டி இழுத்துட்டுப் போவா. அடுத்தது சொல்லுங்க."

முடிவு இரண்டு. போன் கடைக்காரர் லுவாவின் வீட்டில் தேநீரைக் கையில் வாங்கியதும், "எனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அம்மாதான்—"

தோவா: "கையில எழுத்து இருக்குன்னு யார வேணா எங்க வேணா நகத்துவீங்களா?"

"அப்படின்னா நீயே ஒண்ணு சொல்லு."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மாமியாரும் கதவோரம் வந்து நின்றார். கியெம் அடுப்பங்கரையில் மீன் வறுப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான்.

முடிவு மூன்று, தோவா சொன்னபடி: "லுவா கால் தவறித் தண்ணியில விழுந்துடுறா. நீச்சல் தெரிஞ்சவதான், ஆனா உயிர் பயந்து ஓடிப்போச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டு ஆளே இல்லாம கெடக்குறா. கூப்பிடணும்ல? யாரு கூப்பிடுவா? நம்ம கியெம் கூப்பிடுறான். ஆனா மடப்பய, ஆம்பளக் கணக்குல ஏழு கூப்பிட்டு நிறுத்திடுறான். அவ எழுந்து உக்காந்து, 'ரெண்டு கொறையுதே'ங்கிறா. 'எங்க போச்சு?' 'அதான் உங்கிட்ட ரெண்டு உபரியா இருக்கே! குடு, இல்லாட்டி ஒரே வீட்ல வச்சுக்கலாம்'ங்கிறா. முடிஞ்சுது."

நான் பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். ஐந்து நாளாக நான் அடித்த தலைகீழ்க் குட்டிக்கரணத்தை அரிசி களைகிற நேரத்தில் முடித்துவிட்டாள். மாமியார் முந்தானை இல்லாத நாட்டில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் செய்த தப்புக்கு இப்படி ஒரு வாரிசு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அடுப்பங்கரையில் மீன் தீய்ந்த வாடை வந்தது.

"அக்கா," என்று அங்கிருந்தே குரல் கேட்டது. "பொம்பளைக்கு ஒம்பதுன்னு எனக்குத் தெரியும். நான் ஏழுல நிறுத்த மாட்டேன்."

தோவா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்களுக்கும் அடுப்புக்கும் இடையில் குறைந்தது எட்டு முழம் இருக்கும்.

9

ஞாயிறு. இதை நான் இக்கரைத் துறையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டரை. ஓதம் ஏறிவிட்டது. அக்கரையில் லுவா வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். தூளி காலியாக இருக்கிறது. அவளுடைய படகு முளையில் கட்டிக் கிடக்கிறது.

எட்டே முக்கால். வளைவில் மாப்பிள்ளைப் படகு. பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, குடை பிடித்த இரண்டு அத்தைமார்கள், நடுவில் வெள்ளைச் சட்டையில் அந்த நல்ல மனுஷன்.

துறையில் கியெம் நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் பக்கத்தில் மாமனார், மாமியார், பழைய கருவாட்டு நண்பர்களில் உயிரோடு இருக்கிற மூன்று பேர், அக்காமார்கள் மூன்று பேர். ஆற்றின் நெடுக, மிதவைகளில் துணி துவைக்கிறதாகச் சொல்லிக்கொண்டு மொத்த ஊரும் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் துவைத்து நான் பார்த்ததில்லை.

கியெம் வாயைத் திறக்கிறான். மூடுகிறான்.

மறுபடி திறக்கிறான்—

(எழுதுவதை நிறுத்தச் சொல்லித் தோவா கிள்ளுகிறாள். முடியாது.)

ஒன்று. ஐயோ, அது ஹூவே இல்லை, விடலைச் சேவல் முதன்முதலாகக் கூவின மாதிரி பிசிறடித்தது. மிதவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் முதுகில் ஓர் அறை விட்டார்.

இரண்டு. இது கொஞ்சம் தூரம் போனது. மூன்று. நான்கு. இப்போது வளைகிறது, சாலுக்குள் கேட்டேனே, அதே வளைவு. ஐந்து! மாப்பிள்ளைப் படகில் குடைகள் திரும்புகின்றன. "யாருடா அது? யாரோட ஹூ இது?" என்று கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆறு. கியெமின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. ஏழு.

நிறுத்திவிட்டான்.

மூச்சு இல்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தோவாவின் நகம் என் தோளுக்குள் போகிறது. "ஏழுல நிறுத்தாதடா, ஏழுல நிறுத்தாத" என்று முணுமுணுக்கிறாள். மாமியாரின் உதடும் அசைகிறது. அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் எண்ணுகிறார்கள். எண்ணுவது அவனுக்கும் கேட்கும்.

நிமிர்ந்தான்.

எட்டு.

ஒன்பது! ஒன்பதாவது இருக்கிறதே, அது ஆற்றைத் தாண்டி, லுவா வீட்டு ஓட்டைத் தாண்டி, பின்னாலிருக்கிற டுரியன் தோப்பு வரை போய்ச் சேர்ந்தது. மாமியார் "சரியா எண்ணிட்டான், சரியா எண்ணிட்டான்" என்று வாய்விட்டு அழுகிறார்.

இப்போதுதான் நடந்தது, நான் எழுத வேண்டியது. காதில் விழுந்தால் பதில் கொடுத்தாக வேண்டும், சொன்னேன் அல்லவா? இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஆற்றில் பதில் இல்லாமல் ஒரு ஹூ கிடந்து நான் பார்த்ததில்லை. இன்று யாருமே கொடுக்கவில்லை. மாமனார் பழக்கத்தில் வாயைக் குவித்துவிட்டார். மாமனார் என்றும் பார்க்காமல் நான் போய் அவர் வாயைப் பொத்தினேன். மிதவைகளில் அத்தனை பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைப் படகுக்காரன் என்ன நினைத்தானோ, மோட்டாரை அணைத்துவிட்டான். அந்த நல்ல மனுஷனே சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. பதில் கொடுக்க ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடம் விட்டு, ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

அக்கரையில், சிவப்புத் துணிக்குப் பின்னால், மஞ்சளாக ஏதோ அசைகிறது. புது உடுப்பாகவும் இருக்கலாம், வாழைச் சருகாகவும் இருக்கலாம். என் கண்ணாடியில் ஈரம்.

10

சேந்தா, இந்தா உன் வரி:

ஹூ (வினை): கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த இடத்திலேயே நிற்பது.

பதில் வந்ததா என்று கேட்காதே. நீங்களும் கேட்காதீர்கள். இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் அது எழுத்துதான். எழுத்துக்குப் படகு வராது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். தாளில் "ஹூ" என்று நூறு தடவை எழுதி அவளைக் கொண்டுவந்து நிறுத்த எனக்குத் தெரியும். அவள் அப்படி வர மாட்டாள்.

ஆகவே பேனாவை மூடுகிறேன். கியெம் இன்னும் நிற்கிறான். ஒன்பதும் உங்கள் காதில் விழுந்தாயிற்று. நீங்கள் இருப்பது அக்கரையில். வீட்டில் ஆள் இருக்கிறார்களே, பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பாரே என்று கூச்சமாகத்தான் இருக்கும். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

மோவாயைத் தூக்குங்கள். வாயைக் குவியுங்கள்.